பரணில் கிடக்கும் பீனி பேபிக்கு மறுபடி மவுசு வருமா?

வரலாம். ஆனால் மவுசு திரும்புவது ஒன்று, விலை திரும்புவது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், இருபத்தைந்து வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த பொம்மையைக் கடைசியில் விற்கப் போகிறவர்கள் முகம் வாடித் திரும்புகிறார்கள்.

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இந்தக் கேள்வி எழ ஒரு காரணம் இருக்கிறது. பிரான்சில் சித்தப்பாவோ அத்தையோ இருக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய. 1990களிலும் 2000களிலும் லீவுக்கு வந்தவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்த மஜோரெத் கார்கள், பிரெஞ்சு போக்கிமான் கார்டுகள், கிண்டர் முட்டைக்குள் இருந்த குட்டிப் பொம்மைகள், அமெரிக்காவிலிருந்து யாராவது வந்திருந்தால் பீனி பேபி என்ற குட்டித் துணிப் பொம்மைகள் என்று எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டார்கள். யாரோ ஒருவர் யூடியூபில் ‘இந்தப் பொம்மைக்கு மூன்று லட்சம்’ என்று பார்த்துவிட்டுப் பரணில் ஏறுகிறார். ஏறுவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பீனி பேபி ஏறியதும் விழுந்ததும்

பொம்மை மோகம் எப்படி ஏறுகிறது, எப்படி விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. அமெரிக்காவின் டை நிறுவனம் 1993ல் கொண்டுவந்த கையடக்கத் துணிப் பொம்மைகள் இவை. பஞ்சை இறுக்கி அடைக்காமல் உள்ளே பிளாஸ்டிக் மணிகளைப் போட்டுத் தளர்வாகத் தைத்திருப்பார்கள்; அதனால் எப்படி வைத்தாலும் உட்காரும். விலை சுமார் 5 டாலர்.

நிறுவனத்தின் உரிமையாளர் டை வார்னர் இரண்டு காரியம் செய்தார். பெரிய சங்கிலிக் கடைகளுக்குச் சரக்கைக் கொடுக்காமல், சின்னப் பரிசுப்பொருள் கடைகளுக்கு மட்டும் அளந்து அளந்து கொடுத்தார். அப்புறம், கொஞ்ச நாள் விற்ற ஒரு பொம்மைக்கு ‘ஓய்வு’ கொடுத்துவிட்டதாக அறிவித்து அதன் தயாரிப்பை நிறுத்தினார். நிறுத்தியது எதுவோ அதைத் தேடி ஜனம் ஓடியது. அப்போதுதான் இணைய ஏலத் தளமான ஈபே தலையெடுத்த காலம். ஒரு கட்டத்தில் ஈபேயில் நடந்த வியாபாரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இந்தப் பொம்மைகளே. 1997 ஏப்ரலில் மெக்டொனால்ட்ஸ் குழந்தைகள் சாப்பாட்டோடு குட்டி பீனிகளைக் கொடுத்தது, சுமார் 10 கோடி பொம்மைகள். 1999ல் லாஸ் வேகாஸில் ஒரு விவாகரத்து வழக்கில், கணவனும் மனைவியும் நீதிமன்றத் தரையில் குந்தி உட்கார்ந்து பீனி பேபிகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்ட புகைப்படம் அந்தக் காலத்தை அப்படியே காட்டும்.

அதே 1999 ஆகஸ்டில், வருடக் கடைசியோடு பீனி பேபி எல்லாவற்றையும் நிறுத்தப்போவதாக நிறுவனம் அறிவித்தது. ‘முடிவு’ என்ற பெயரிலேயே ஒரு கறுப்புக் கரடியும் வந்தது. பிறகு வாக்கெடுப்பு நடத்தி, ஜனங்கள் கேட்கிறார்கள் என்று தயாரிப்பைத் தொடர்ந்தார்கள். இதற்கப்புறம் ‘ஓய்வு’ என்ற பேச்சை யாரும் நம்பத் தயாராக இல்லை. விலை சரிந்தது.

வார்னரின் தந்திரம் பலித்த விதத்திலேயே அதன் முடிவும் இருந்தது. கடையில் கிடைக்காமல் இருந்ததே தவிர, மொத்தத்தில் பொம்மைகள் கோடிக்கணக்கில் வெளியே போயிருந்தன. வாங்கியவர்கள் பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை. பொம்மையில் தொங்கும் பெயர்ச்சீட்டு மடங்காமல் இருக்க அதற்கொரு பிளாஸ்டிக் உறை போட்டு, பொம்மையையும் தனி டப்பாவில் வைத்துப் பூட்டினார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் எந்தக் காலத்திலும் அரிதாகாது. இன்றைக்கும் அமெரிக்காவில் வீடு ஒழிக்கும்போது பை பையாக வருகிறது. வாங்குகிறவர் நூறு பேர் என்றால், புதுசு மாதிரியே இருக்கிற பொம்மையோடு விற்பவர் லட்சம் பேர். இந்தக் கணக்கு மாறாதவரை பழைய விலைக்கு வழியில்லை.

ஊதா நிறத்தில், மார்பில் வெள்ளை ரோஜா தைத்த டயானா கரடியைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இளவரசி டயானா இறந்த பிறகு 1997 கடைசியில் வந்தது இது. இணையத்தில் இதற்கு ஐந்து லட்சம் டாலர் என்றுகூட யாராவது போட்டிருப்பார்கள். போடுவதற்குக் காசா பணமா? உண்மையில் கைமாறும் விலை பெரும்பாலும் சில பத்து டாலருக்குள்தான். சீட்டில் எழுத்துப் பிழை இருந்தால் விலை அதிகம் என்பதும் பாதிக்கு மேல் கட்டுக்கதை. அந்தப் பிழைகள் லட்சக்கணக்கான சீட்டுகளில் அச்சானவை.

கையில் இருப்பதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். காதிலோ பக்கவாட்டிலோ தொங்கும் சிவப்பு இதயச் சீட்டைப் பாருங்கள். அதன்மேல் மஞ்சள் நட்சத்திரம் இருந்து, திறந்தால் உள்ளே பிறந்த தேதியும் நாலு வரிப் பாட்டும் இருந்தால் அது 1996க்குப் பிந்தையது. அதாவது மோகம் உச்சிக்குப் போய், கணக்கு வழக்கில்லாமல் தைத்துத் தள்ளிய காலத்துச் சரக்கு. நட்சத்திரமே இல்லாமல், புத்தகம்போலத் திறக்கிற சீட்டு என்றால் அதற்கு முந்தையது. திறக்கவே முடியாத ஒற்றை இதயம் என்றால் முதல் தலைமுறை. அதைத் தனியாக எடுத்து வையுங்கள். பின்பக்கம் தைத்திருக்கும் துணிச்சீட்டில் 1993 என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பதிப்புரிமை வருடம். பொம்மை பல வருடம் கழித்துத் தைத்ததாக இருக்கலாம்.

விதிவிலக்கும் இருக்கிறது. 1995ல் வந்த பீனட் என்ற யானையை முதலில் அடர் நீலத்தில் தைத்து, கொஞ்ச நாளில் வெளிர் நீலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அடர் நீலம் குறைவு, அதனால் இன்றைக்கும் அதைத் தேடுகிறார்கள். வெளிர் நீலம் சந்தையில் மலிந்து கிடக்கிறது. பொம்மை அதே பொம்மை, வித்தியாசம் எண்ணிக்கையில்தான்.

விலை ஏறியவை எப்படி ஏறின?

மவுசு அடித்தபோது யாரும் பத்திரப்படுத்தாததுதான் பின்னால் விலை போகிறது. 1978 முதல் கென்னர் நிறுவனம் விற்ற ஸ்டார் வார்ஸ் பொம்மைகளைப் பிள்ளைகள் மண்ணில் புதைத்தார்கள், துப்பாக்கியைத் தொலைத்தார்கள், அட்டையைக் கிழித்துப் போட்டார்கள். அட்டையோடு முழுசாக மிஞ்சியவை கொஞ்சம்தான், அவற்றுக்கு விலை உண்டு. கடைக்கே வராமல் நின்றுபோன மாதிரிகளுக்கு இன்னும் மேலே. முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் பொம்மையின் மாதிரி ஒன்று 2024ல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. ராக்கெட் குழந்தை தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் அதை விற்பனைக்கே விடவில்லை.

ஹாட் வீல்ஸ் என்ற குட்டிக் கார்களிலும் இதே கதை. 1969ல் ஃபோக்ஸ்வாகன் வேன் ஒன்று செய்தார்கள், பின் கண்ணாடி வழியாக அலைச்சறுக்குப் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி ஒல்லியாகவும் உயரமாகவும் இருந்ததால் ஓடுதளத்தில் சரியாக ஓடவில்லை. பலகையைப் பக்கவாட்டுக்கு மாற்றி, அகலமாக்கி விற்பனைக்கு விட்டார்கள். பழைய வடிவத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் மிஞ்சிய ஒன்றிரண்டின் மதிப்பு ஒரு லட்சம் டாலருக்கு மேல். இதை வைத்து, உங்கள் வீட்டு ஹாட் வீல்ஸுக்கும் அப்படி வரும் என்று கணக்குப் போடக் கூடாது. அது தொழிற்சாலைக்குள்ளேயே நின்றுபோன வண்டி.

நம் ஊரிலேயே பாருங்கள். பண்ருட்டியிலும் கடலூர் வண்டிப்பாளையத்திலும் செய்த கொலு பொம்மையை யாரும் பின்னால் விற்கலாம் என்று வாங்குவதில்லை. வருடா வருடம் இறக்கி ஏற்றுவதில் ஒன்றுக்கு மூக்கு போகும், இன்னொன்றுக்குக் கை போகும். அதனாலேயே தாத்தா காலத்துத் தசாவதாரம் பத்தும் முழுசாக இருக்கிற வீட்டைப் பார்ப்பது அபூர்வம்.

எதிர்ப் பக்கமும் உண்டு. பெரிய தலைப் பொம்மைகளை விற்கும் ஃபன்கோ, கிடங்கு வாடகை கட்டுப்படியாகாமல் 3 கோடி டாலருக்கும் மேற்பட்ட சரக்கை அழிக்கப்போவதாக 2023ல் தானே சொன்னது. ‘சேகரிப்பாளர்களுக்கென்றே’ என்று அச்சடித்து விற்கிற எதையும் இந்தச் செய்தியோடு சேர்த்துப் பாருங்கள்.

போக்கிமான் மட்டும் ஏன் திரும்பி வந்தது?

போக்கிமான் கார்டு 1996ல் ஜப்பானிலும் 1999ல் ஆங்கிலத்திலும் வந்தது. இரண்டே வருடத்தில் அலை ஓய்ந்தது. அப்படியே போயிருக்க வேண்டியது, 2016ல் கைபேசி விளையாட்டாகத் திரும்பியது. 2020 ஊரடங்கில் கார்டு விலை மேலே பறந்தது. சாரிசார்ட் என்ற போக்கிமானின் முதல் பதிப்புக் கார்டு, அதன் நிலையைச் சோதிக்கும் நிறுவனத்திடம் பத்துக்குப் பத்து தரம் பெற்றது ஒன்று, 2022 மார்ச்சில் 4,20,000 டாலருக்குப் போனது.

பீனிக்கு இல்லாதது இதற்கு இருந்தது. கார்ட்டூனும் வீடியோ கேமும் இடைவிடாமல் வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பழைய கார்டுகளையோ பிள்ளைகள் விளையாடியே தீர்த்திருந்தார்கள். சிறு வயதில் அதற்காக அழுதவர்கள் முப்பது வயதில் சம்பளத்தோடு வந்து நின்றார்கள். பழசில் நல்ல நிலையில் இருப்பது குறைவு, வாங்க ஆள் அதிகம்.

இதைப் பார்த்துவிட்டு இன்றைய புதுக் கார்டு பாக்கெட்டுகளை வாங்கிக் குவிப்பவர்கள் இருக்கிறார்கள். விலை ஏறியதும் நிறுவனம் அச்சகத்தை முடுக்கிவிட்டது. 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை ஒரே வருடத்தில் 900 கோடிக்கும் அதிகமான கார்டுகள். அவற்றை எல்லாரும் உறை போட்டு வைத்திருக்கிறார்கள். பீனி பேபிக்குப் பார்த்த அதே கணக்குதான் இதற்கும்.

புதுச்சேரி வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் பிரெஞ்சுக் கார்டு. சாரிசார்டுக்கு அதில் திராக்கோஃபே என்று பெயர். பிரெஞ்சு என்பதால் அதைக் கழித்துவிட வேண்டியதில்லை. அதே கார்டின் ஆங்கிலப் பதிப்பைவிடப் பொதுவாக விலை குறைவு, அவ்வளவுதான். படத்துக்குக் கீழே இடது ஓரத்தில் வட்டத்துக்குள் 1 என்ற முத்திரை இருந்தால் முதல் பதிப்பு. வலது கீழ் மூலையில் எண் பக்கத்தில் இருக்கும் குறியைப் பாருங்கள்: வட்டம் என்றால் சாதாரணம், வைரம் என்றால் நடுத்தரம், நட்சத்திரம் என்றால் அரிது. நட்சத்திரமும் இருந்து, படம் மினுங்கவும் செய்தால் மட்டும் மேற்கொண்டு விசாரிக்கலாம்.

நம்மூர்ச் சரக்கு

2003ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போக்கிமான் ஓட ஆரம்பித்தது. சிப்ஸ் பாக்கெட்டில் டாசோ என்ற வட்ட வில்லை, பெட்டிக்கடையில் டபிள்யூ.டபிள்யூ.இ. டிரம்ப் கார்டு, அப்புறம் பேபிளேடு பம்பரம். இவற்றைச் சேர்த்த பிள்ளைகளுக்கு இன்று முப்பதைத் தாண்டுகிறது, அதனால் இந்தியாவுக்குள் ஒரு சின்னச் சந்தை உருவாகியிருக்கிறது. வெளிநாட்டில் வாங்க ஆள் கிடையாது, அங்கே வந்த டாசோ வேறு. தனித்தனியாக விற்றால் ஒன்றுமில்லை. முழு வரிசையும் இருக்க வேண்டும், சிப்ஸ் எண்ணெய்க் கறை இருக்கக் கூடாது, அதை ஒட்டிவைக்கக் கொடுத்த ஆல்பமும் இருந்தால் கேட்பார்கள். இதில் யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை. ஆனால் இருபது வருடம் கழித்து ஒருவர் தேடிக்கொண்டு வருகிறாரே, அந்த அளவுக்கு இது பீனியைவிட உயிரோடு இருக்கிறது.

உலகச் சந்தையிலும் கொஞ்சம் மதிப்புள்ளது லியோ மாட்டேல் ஹாட் வீல்ஸ். 1980களின் கடைசியிலும் 90களிலும் இந்தியாவில் செய்து விற்றவை. வண்டியைத் திருப்பினால் அடித்தட்டில் லியோ, இந்தியா என்று பொறித்திருக்கும். அமெரிக்காவில் வராத நிறங்களில் வந்ததால் அங்கே இருக்கும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். பெயின்ட் உரிந்து, அச்சு வளைந்து கிடந்தாலும் இதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மஜோரெத்தில் அடித்தட்டில் பிரான்ஸில் செய்தது என்று இருப்பது பழசு; பின்னாளில் தயாரிப்பு தாய்லாந்துக்குப் போய்விட்டது. பழசாக இருந்தாலும் பெரும்பாலானவை சில யூரோதான், டப்பாவோடு இருந்தால் கூடும்.

புது ஹாட் வீல்ஸில் தேடுவதானால் சூப்பர் டிரெஷர் ஹன்ட் என்ற அரிய வகை. பளபளக்கும் விசேஷப் பெயின்ட், நிஜ ரப்பர் டயர், வண்டியின் பின்னால் அட்டையில் பொன்னிறத்தில் வட்டத்துக்குள் தீச்சுடர். சமீப வருடங்களில் வந்தவற்றுக்கு இந்த அடையாளம் போதும்.

விலை பார்ப்பது எப்படி?

கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடி, வடிகட்டும் இடத்தில் ‘சோல்டு ஐட்டம்ஸ்’ என்பதைத் தட்டினால் விற்று முடிந்தவை மட்டும் பச்சை எழுத்தில் வரும். கடைசிப் பத்துப் பதினைந்து விற்பனைகளை எழுதிக்கொண்டு, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் அடித்துவிட்டு, நடுவில் நிற்கும் தொகையை எடுங்கள். ஒரே ஒரு விற்பனை மட்டும் மானாவாரியாக மேலே நின்றால் அதை நம்ப வேண்டாம். ஏலம் எடுத்தவர் பணம் கட்டாமல் போயிருக்கலாம், விற்பவரே ஆள் வைத்து ஏற்றியிருக்கலாம். இந்திய ஈபே தளம் 2018லேயே மூடிவிட்டது. இங்குள்ள விலைக்கு ஃபேஸ்புக், வாட்ஸ்அப் சேகரிப்புக் குழுக்களில் ‘விற்றாயிற்று’ என்று குறித்த பதிவுகளைத்தான் புரட்ட வேண்டும்.

இங்கே வெளிநாட்டுப் பொம்மை விலை சில சமயம் அமெரிக்க விலையைவிட அதிகமாக இருப்பதைப் பார்த்து மவுசு என்று நினைத்துக்கொள்ளவும் கூடாது. 2020ல் பொம்மை இறக்குமதி வரி 20லிருந்து 60 சதவீதமாகவும், 2023ல் 70 சதவீதமாகவும் ஏறியது. 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அந்த விலையில் வரியும் தட்டுப்பாடும் கலந்திருக்கிறது.

அடுத்து ஒரு கணக்கு. 1998ல் 5 டாலர் என்றால் சுமார் 200 ரூபாய். அதை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டு 27 வருடம் தொடாமல் விட்டிருந்தால் சுமார் 1,240 ரூபாய். பொம்மை இன்று 8 டாலருக்குப் போகிறது, அதாவது 1998 விலையைவிட அதிகம் என்று சந்தோஷப்படுபவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்க விலைவாசியே இந்த இடைவெளியில் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டதால், அங்கே வைத்துப் பார்த்தாலும் 8 டாலர் நஷ்டம்தான். இதில் விற்கும் தளத்தின் கமிஷன் 10 முதல் 15 சதவீதம், பணம் மாற்றும் கட்டணம், பார்சல் செலவு எல்லாம் கழிய வேண்டும். இங்கிருந்து அமெரிக்காவுக்கு ஒற்றைப் பொம்மை அனுப்பினால் பார்சல் செலவே பொம்மையை விழுங்கிவிடும்.

கார்டைத் தரம் பார்க்க அமெரிக்காவுக்கு அனுப்புவதிலும் இதே யோசனை வேண்டும். கார்டு ஒவ்வொன்றுக்கும் டாலரில் கட்டணம் கட்ட வேண்டும், போக்குவரத்தும் இடைத்தரகர் காசும் தனி. தரம் பார்த்த பிறகும் 5,000 ரூபாய் தேறாது என்று தோன்றும் கார்டை அனுப்பாதீர்கள். ‘புதுசு மாதிரி இருக்கிறது’ என்று நாம் நினைப்பதற்கும் பத்துக்குப் பத்து என்பதற்கும் நடுவில் மூலையில் வெள்ளை தெரிவது, படம் நடுவிலிருந்து விலகியிருப்பது, மேற்பரப்புக் கீறல் என்று பல படிகள் இருக்கின்றன. கைபேசி டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் கீறல் தெரியும்.

கடற்கரை ஊரில் வைத்திருப்பது

இந்த ஊர்களில் விலையைத் தின்பது பெரும்பாலும் சந்தை இல்லை, காற்று. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே 80க்கு மேல் நிற்கிறது. துணிப் பொம்மையில் மக்கு வாடை, கார்டில் அலை அலையாக வளைவு, கார் அச்சில் துரு, எல்லாம் இதன் வேலை.

எங்கே வைப்பது என்பதே முதல் கேள்வி. பரண் வேண்டாம். தளத்துக்கு நேர் கீழே சித்திரை வெயிலில் அது அடுப்பு, மழையில் ஒழுகுவதும் அங்கேதான். தரையும் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை ஏறியபோது புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் மாதிரி தாழ்வான இடங்களில் கட்டிலுக்கு அடியில் இருந்ததெல்லாம் நனைந்தது. வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டுதான் சரி.

ரப்பர் வளையம் போட்டு மூடும், காற்று புகாத 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்கு 100 முதல் 150 கிராம் சிலிக்கா ஜெல் போதும். நீல மணியில் கோபால்ட் உப்பு இருப்பதால் ஆரஞ்சு மணியாக வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். உள்ளே ஒரு சின்ன ஈரமானியும் போட்டு வையுங்கள். 45க்கும் 55க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. மழை நாளில் பெட்டியை மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்து அடைத்ததாகும், காய்ந்த நாளில் மூடுங்கள்.

அந்துருண்டை போடுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பொம்மைப் பெட்டியில் மட்டும் வேண்டாம். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், துணியில் ஏறிய வாடை வருடக்கணக்கில் போகாது. துணிப் பொம்மையில் பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, ஃபிரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். வேர்க்கிற தண்ணீர் பைக்கு வெளியே நிற்கும், பொம்மைக்குள் இறங்காது. மொட்டை மாடி வெயிலில் காயவைப்பது வாடையை எடுக்கும்தான். சாயத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

கார்டுக்கட்டை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தால் இன்றே கத்தரியுங்கள். அது ஓரத்தைப் பள்ளமாக்கும், நாள்பட்டால் உருகி ஒட்டும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற பி.வி.சி. உறைகள் கார்டின் மையை உரித்துக்கொண்டு வரும். பாலிபுரொப்பிலீன் உறை கேளுங்கள்.

பேட்டரிப் பொம்மை என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வைக்க வேண்டும். ஃபர்பி, தமகாட்சி போன்றவற்றில் பாதி செத்தது இதனால்தான். முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். உலோகக் காரைப் புளியோ பிராஸோவோ போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், விலை பாதியாகும். சில பழைய கார்களின் உடல் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோனதால் தானாகவே விரிந்து வெடிக்கும். அதற்கு மருந்து இல்லை. மற்ற வண்டிகளை நல்லபடியாக வைத்திருந்தால் போதும்.

போலி

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரி தெருக்கடைகளில் தங்க நிறத்தில் மின்னும் பிளாஸ்டிக் போக்கிமான் கார்டுகள் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். பிள்ளைகள் விளையாட வாங்கலாம், சேகரிப்பில் அதற்கு மதிப்பே இல்லை. காகிதக் கார்டில் போலியைக் கண்டுபிடிக்க: அசல் 63 x 88 மில்லிமீட்டர். ஓரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு வெள்ளை அடுக்குக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். பின்னால் டார்ச் அடித்தால் அசலில் வெளிச்சம் மங்கலாகத்தான் வரும், போலியில் பளிச்சென்று ஊடுருவும். பின்பக்க நீலம் ஊதாவாகத் தெரிந்தாலும் சந்தேகப்படுங்கள்.

லபுபுவிலும் போலிதான் பெரிய தொல்லை. ஹாங்காங்கில் பிறந்த காசிங் லங் 2015ல் வரைந்த இந்தப் பல்லிளிக்கும் குட்டியை பாப் மார்ட் நிறுவனம் விற்கிறது. பெட்டியைத் திறந்தால்தான் உள்ளே எது என்று தெரியும், அரிய வகை 72ல் ஒன்று. 2024ல் கொரியப் பாடகர் குழுவான பிளாக்பிங்கின் லிசா கைப்பையில் தொங்கவிட்டதும் பிடித்துக்கொண்டது. 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் ஆளுயர லபுபு ஒன்று 10.8 லட்சம் யுவானுக்குப் போனது. அதே வருடம் நிறுவனம் தயாரிப்பைக் கூட்டியதும் மறுவிற்பனை விலை இறங்கத் தொடங்கியது. இப்போது பள்ளிப் பையில் தொங்குவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் சரி. பிற்காலத்துக்கு என்றால், இதே பெட்டியை இதே யோசனையோடு எத்தனை பேர் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பதானால்

ஒரு பொருள் யாருடைய சிறுவயது ஞாபகமோ, அவர் இருக்கும் ஊரில்தான் அதற்கு விலை. பிரெஞ்சுக் கார்டுக்கும் மஜோரெத்துக்கும் இங்கே ஆள் தேடுவது வீண். லீவு முடிந்து பிரான்ஸ் திரும்புகிற உறவினரிடம் கொடுத்து, பழைய பொருள் விற்கும் லெபொன்குவான், வின்ட்டட் தளங்களில் போடச் சொல்லலாம். வித்கிரெனியே என்று அங்கே தெருவில் பரப்பி விற்கிற ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளும் உண்டு. டாசோவும் டிரம்ப் கார்டும் சென்னை, பெங்களூர் சேகரிப்பாளர்களுக்குத்தான். பீனி பேபி என்றால் பழைய இதயச் சீட்டு உள்ளதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியைத் துவைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். கண் பொத்தான்களை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், தையல் விட்டு உள்ளே இருக்கும் மணி கொட்டுகிறதா என்றும் பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு வேண்டாம்.

கொடுத்தனுப்பும்போது கார்டை உறையில் போட்டு, அதைக் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டுக்குள் செருகி, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துச் சுற்றுங்கள். செலோடேப் தகட்டின் மேல் ஒட்டலாம், உறையில் படக் கூடாது. முன்னும் பின்னும் படம் எடுத்து எண்ணோடு பட்டியல் எழுதி ஒரு பிரதி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி கைப்பையில் போகட்டும், சரக்கில் போடும் சூட்கேஸில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.